நிலையாமை கூறுதற்கு உரியார் யாவர்?

உலகத்துப் பொருள்கள் நிலையாதன என்பதை மறுப்பார் நம்முள் எவரும் இலர். செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்பதை நம் முன்னோர் தனித்தனி அதிகாரம் வகுத்து வற்புறுத்தினர். ஆயினும் ஓர் உண்மை, அதனைக் கூறுவார் யார், கேட்பார் யார், கூறுங்காலம் யாது என்பவற்றால் மருந்தாதலும் உண்டு. வெந்த புண்ணிற் பாய்ச்சிய வேலாதலும் உண்டு. அவ்வேறுபாட்டை ஆராய்தற்கு உலகியல் நிகழ்ச்சியொன்று இடந்தருகின்றமையின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

பெருந்தொழில் நிலையங்கள் ஒரே நாளிற் பல்லாயிரவரைப் பணியினின்று நீக்குதல் இப்போது எந்நாட்டிலும் அரிய செய்தியன்று. நீக்கப்படுவோருள் இளையோர் வேறிடம் தேடிக்கொள்ளக்கூடும். யாம் கருதுவது பிறிதொரு கூட்டத்தாரை. வேறிடத்து மிகுந்த ஊதியம் கிடைக்கும் என்றறிந்தும், 'கூலி சிறிதாயினும் வேலை நிலையானது' என்று ஓரிடத்தையே பற்றி நின்று, இருபதாண்டு முப்பதாண்டு அங்கே உழைத்து, நரை தோன்றும் பருவத்து வெளியே அனுப்பப்படுவார் இவர். இவர்க்கு உலகம் கூறும் தேறுதல் பெரும்பாலும் ஒன்றே. "யாதும் நிலையாது, நிலையாததை நிலையென்று நம்பினீர், அது நும் பிழை" என்பது அது. இக்கூற்று மெய்யுணர்வின் சாயல் உடையதாகலின், நம் அன்பர்கள் சிலரும் இதனை ஆராயாது உடன்படுகின்றனர். யாம் இதற்கு உடன்படமாட்டாம்.

பொதுவகையாற் பேசுமிடத்து உண்மை நழுவிப்போம். ஆதலின், தொகையாற் பெரியதும், முடிந்து பல்லாண்டு கடந்தமையின் முழுதும் நோக்கத்தக்கதும் ஆகிய சீனதேசத்து நிகழ்ச்சியை உதாரணமாகக் கொள்வாம்.

1949-இல் அந்நாட்டில் மக்கட் குடியரசு அமைந்தபின், நகரத் தொழிலாளருட் பெரும்பாலார் காலப்போக்கில் அரசாங்கத் தொழிற்சாலைகளைச் சார்ந்தனர். ஒருவர் பணிபுரியும் அமைப்புக்குத் 'தான்வெய்' என்பது பெயர். அது கூலி கொடுத்த அளவில் நின்றதன்று. குடியிருக்க வீடு, பிள்ளைகட்குப் பள்ளி, நோய்க்கு மருத்துவசாலை, முதுமைக்கு ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியே வந்தன. பெற்றோர் ஓய்வு பெறுமிடத்து மகனோ மகளோ அவ்விடத்து அமரும் வழக்கம் 1978-இல் விதியாகவே வகுக்கப்பட்டு 1986 வரை நிலவிற்று. கைதவறி வீழினும் உடையாதது என்னும் பொருள்பட, இத்தகைய வேலையை அந்நாட்டு மக்கள் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்றழைத்தனர்.

இக்கிண்ணம் விலையின்றிக் கிடைத்தது என்று எண்ணற்க. 1950-களின் இறுதி தொடங்கி 1977 வரை தொழிலாளருட் பெரும்பாலார்க்குக் கூலி ஏறத்தாழ அசையாது நின்றது. 1969 முதல் ஓய்வூதியம் அவ்வத் தொழிற்சாலையின் நடப்பு வருவாயினின்றே கொடுக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கிய சேமநிதி இல்லை. அங்ஙனமாயின், உழைப்பின் பயனுள் கூலியாகக் கொடுபடாது நின்ற பகுதி யாண்டுச் சென்றது? அதிற் பெரும்பங்கு புதிய உலைகளாகவும் பொறிகளாகவும் கட்டடங்களாகவும் மாறிற்று. ஒருவர் தம் முதுமைக்கென்று வைத்த பொருள் அவர் பணிசெய்த ஆலையின் சுவருக்குள்ளேயே இருந்தது என்னலாம். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீள்வாம்.

அற்றேல், அத்தொழிலாளர் அவ்வேலையைத் தாமே தெரிந்துகொண்டனரோ, அரசாங்கம் அமர்த்திய இடத்து அமர்ந்தனர் அல்லரோ எனின், தொடக்கத்தில் அங்ஙனமே. பிற்காலத்து நிலை வேறு. 1980-களில் தனி வாணிகத்துக்கு வாயில் திறந்தது. 1992-க்குப் பின் அது மிக அகன்றது. அரசாங்க வேலையை விட்டு வாணிகத்துட் புகுதலைக் 'கடலிற் குதித்தல்' என்று அந்நாட்டார் கூறினர். குதித்தாருட் சிலர் பெருஞ்செல்வராயினர். அது யாவரும் கண்கூடாகக் கண்டது. அதனைக் கண்டும் கரையிலேயே நின்றவர், ஆக்கத்தைக் கைவிட்டு உறுதியைக் கொண்டவரேயாவர். இன்னுமொன்று: 1986 அக்டோபர் முதல் புதிதாகச் சேர்வார்க்கு மட்டும் ஒப்பந்த முறை விதிக்கப்பட்டது. முன்னரே பணியிலிருந்தார்க்கு அவ்விதி அப்போது ஏற்படவில்லை. பழையவர்க்குக் கொடுத்த வாக்கு நிற்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான அறிவிப்பு வேறு யாது?

1997 செப்டம்பரிற் கூடிய அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியின் 15-ஆவது பேரவை, பெரிய தொழிற்சாலைகளைக் கையில் வைத்துக்கொண்டு சிறியவற்றை விட்டுவிடுதல் என்னும் கொள்கையை உறுதி செய்தது. 1998-இல் முதலமைச்சரான சூ ரோங்ஜி மூன்றாண்டில் நட்டத்தைத் தீர்ப்பதாக உறுதி கூறினார். நூற்பாலைகளே முதலிற் கைவைக்கப்பட்டன. 1998 சனவரியில் சாங்காய் நகரத்துப் பழைய நூற்புக் கதிர்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. நாடு முழுதும் மூன்றாண்டில் 1 கோடி கதிர்களை ஒழித்து 12 இலட்சம் தொழிலாளரைக் குறைத்தல் திட்டம். 1998 முதல் 2003 வரை அரசாங்கத் தொழில் நிலையங்களினின்று இறக்கப்பட்டோர் 2 கோடியே 81 இலட்சத்துக்கு மேற்பட்டவர் என்று அவ்வரசாங்கமே 2004-இல் வெளியிட்டது.

'இறக்கப்பட்டோர்' என்று யாம் எழுதியது காரணம்பற்றி. 'சியாகாங்' என்பது அவர்க்கு வழங்கிய சொல். பணிமேடையினின்று இறங்குதல் என்பது அதன் பொருள். அவர் வேலையிழந்தோர் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. மூன்றாண்டு வரை தொழிற்சாலையோடு பெயரளவிற்கு உறவு வைத்து, மறுவேலை நிலையம் என்னும் இடத்திற் சிறுதொகை பெற்று வருவர்; அதன்பின் அவ்வுறவும் அறும். ஒரு செயலுக்கு அதன் பெயரை இடுதற்கு நாணுவார் இத்தகைய சொற்களைப் படைத்துக்கொள்ளுதல் எல்லா நாட்டிலும் உண்டு. நம் காலத்துக் கம்பெனிகள் 'சீரமைப்பு' என்பதும் இவ்வினத்ததே.

இறக்கப்பட்டார் பலருடைய வயதை நோக்குங்கால் நெஞ்சம் நடுங்கும். 1998-இல் நாற்பத்தைந்து வயதுடையார் ஒருவரை எடுத்துக்கொள்வாம். அவர் பாலப்பருவத்தில் 1959 முதல் 1961 வரையிருந்த பெரும்பஞ்சம் வந்தது. பள்ளியிற் கற்கும் பருவத்தில், 1966-இல், கலாசாரப் புரட்சி எழுந்து பள்ளிகளை மூடிற்று. 1968 தொடங்கி நகரத்து இளைஞர் கிராமங்கட்கு அனுப்பப்பட்டனர். அவர் மீண்டு வந்து தொழிற்சாலையில் அமர்ந்து மணம்புரிந்த காலத்தில், 1980-இல், ஒரு பிள்ளைக்கு மேற் பெறலாகாது என்னும் கட்டளை பிறந்தது. கல்வியும் இன்றிப் பல மக்களும் இன்றி நின்ற அவர்க்கு எஞ்சிய துணை அக்கிண்ணம் ஒன்றே. அதுவும் பறிக்கப்பட்ட பின்னர், நாற்பது கடந்த பெண்டிரையும் ஐம்பது கடந்த ஆடவரையும் வேலைக்குக் கொள்வார் அரியர் என்பதுபற்றி, 'நாற்பது ஐம்பதினர்' என்று அவர்க்கு ஒரு தொகைப் பெயரும் ஏற்பட்டது.

இனி, இவர் இழந்தது யாது என்பதை ஆராய்வாம். கூலியென்று கூறுதல் எளிது. அது குறைபட்ட விடை.

உயிர் தனித்து நிற்கும் ஆற்றலின்றி யாதேனும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும் என்றும், சார்ந்ததன் வண்ணமாகவே விளங்கும் என்றும் சித்தாந்த நூல்கள் துணிந்தன. அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டும் படிகம் அதற்கு வழங்கும் உவமை. உயிர் பாசத்தை விட்டுப் பதியைச் சார்தல் பற்றிப் பேசுமிடத்தே இதனை நாம் எடுத்தாளுகின்றோம். அன்றாட வாழ்வினும் அது மெய்யாதலை நினைப்பார் சிலரே. சென்யாங் நகரத்துத் தியெசி வட்டாரத்தில் உருக்குலையில் முப்பதாண்டு உழைத்தவனுக்கு, விழிக்கும் நேரம் ஆலைச்சங்கின் நேரம், வாழுமனை ஆலையின் மனை, அயலார் உடனுழைப்பார், கைத்தழும்பு அவ்வுலையின் தழும்பு. அவனும் அவ்வேலையும் இரண்டெனப் பிரித்துணரும் வழக்கம் அவனுக்கே இல்லை. ஈராண்டு வேலை பார்த்தானை நீக்குமிடத்து அவன் கையிலிருந்த ஒன்று போகின்றது. முப்பதாண்டு சார்ந்தானை நீக்குமிடத்து அவன் தன்னை 'யான்' என்று அறிந்த வண்ணமே போகின்றது.

ஈண்டு ஒரு தடை நிகழக்கூடும். அடுத்த பொருள் நீங்கியவழிப் படிகம் தன் தூய நிறத்தைப் பெறுமன்றோ? அவ்வாறே உலகியற் சார்பு நீங்கிய தொழிலாளனும் தெளிவு பெறுவானல்லனோ? எனின், கூறுதும். உவமை முழுதும் ஒவ்வாது. படிகம் சார்பின்றியும் ஒளியோடு இருக்கும். உயிர் அங்ஙனம் இராது. யாதொன்றையும் சாராது நின்ற உயிர் இருளையே சார்ந்து கிடக்கும் என்பதன்றோ நம் கொள்கை? ஆகவே ஒரு சார்பை விடுவிப்பார், அதனினும் மேலான சார்பொன்றைக் காட்டிப் பின்னரே விடுவித்தல் முறை. ஆசிரியன் மாணாக்கனுக்குச் செய்வது அது. இருந்த சார்பை அறுத்து வெறுவெளியில் நிறுத்திவிட்டு 'இனித் தெளிவாய்' என்பது, நீந்தத் தெரியாதவனைத் தோணியினின்று தள்ளிவிட்டு 'நீர் தண்ணிதன்றோ' என்பதனோடு ஒக்கும்.

இஃது ஏட்டளவிலான வாதம் என்பார்க்கு, வேறொரு நாட்டில் எண்ணிக் கண்ட செய்தியைக் காட்டுவாம். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில், ஒரே நிலையத்தில் ஆறாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்து பெருநீக்கத்தில் வெளியேற்றப்பட்டார் நிலையை ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் என்னும் மூவர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டனர். நீங்கிப் பல்லாண்டு கழிந்தபின்னும் அவர் வருவாய் நூற்றுக்கு 25 அளவிற் குறைந்தே நின்றது. அவருட் சல்லிவன் என்பார் வான் வாச்டர் என்பவரோடு கூடி 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் கொடியது. நெடுங்காலம் பணிபுரிந்து நீக்கப்பட்ட ஆடவரிடையே, நீக்கத்தையடுத்த காலத்தில் இறப்பு, நீக்கப்படாதாரை நோக்க ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை மிக்கிருந்தது. அம்மிகை பின்னர்க் குறைந்ததாயினும் இருபதாண்டு கழிந்தும் முற்றும் நீங்கவில்லை. வேறு வேலைகள் மலிந்த நாடென்று பெயர்பெற்ற இடத்தே இதுவாயின், பிற இடங்கள் எத்தன்மையவோ!

வாங் பிங் என்னும் சீனர் 1999 முதல் 2001 வரை தியெசி வட்டாரத்து ஆலைகளைப் படம்பிடித்து 2003-இல் வெளியிட்ட திரைப்படம் ஒன்பது மணிக்கு மேல் ஓடுவது. அத்துணை நேரம் அமர்ந்து காணுதல் யாவர்க்கும் இயல்வதன்று. ஆயினும் அதில், ஓய்வறையில் தொழிலாளர் சீட்டாடிக்கொண்டும் வராத கூலியைப்பற்றிப் பேசிக்கொண்டும் இருக்கும் பகுதியைக் கண்டார், சார்பு கழல்வதற்கு முன்னுள்ள நாட்கள் எத்தன்மையன என்பதை எளிதில் மறவார்.

இனி மறுதலையார் கூறும் வலிய தடையொன்று உளது. நட்டத்தில் மூழ்கும் ஆலையை எக்காலமும் நடத்த இயலுமோ? ஒருவர்க்கு வாக்குக் கொடுத்தமைபற்றி உலகம் முழுதும் பழங்கதிரில் நூற்றுக்கொண்டிருத்தல் வேண்டுமோ? வேண்டாம் என்பதே எம் விடையும். அச்சீன ஆலைகளுட் பல கடனில் அமிழ்ந்திருந்தன. வேண்டுவார் இல்லாத சரக்கைக் குவித்தன. ஒன்று முடிய வேண்டுவதாயின் முடிக. முடிதலின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பது வேறு வினா. முன்னதற்கு விடைகூறிய அளவில் பின்னதற்கும் கூறியதாகாது. 1929 திசம்பரில் சப்பான் தேசத்தில் விலைவீழ்ச்சியால் மத்சுசிதா கோனோசுகே என்பார் நிலையத்தில் சரக்குத் தேங்கியபோது, ஆட்களைப் பாதியாகக் குறைக்குமாறு அவர்க்கு உரைத்தனர். நோய்ப்படுக்கையிலிருந்த அவர், உற்பத்தியைப் பாதியாக்குக, வேலைநேரமும் பாதியாகுக, கூலியில் ஒரு காசும் குறைக்கற்க, எல்லாரும் சேர்ந்து சரக்கை விற்க என்று கட்டளையிட்டார். இரண்டு திங்களிற் சரக்குத் தீர்ந்தது. அதே நிலையம் 2001-இல் தன் பணியாளரை முன்னரே ஓய்வு பெறுமாறு அழைத்ததும் உண்மை. ஆதலின் அவர் செய்தது எங்கும் எக்காலமும் செல்லும் என்று யாம் கூறவில்லை. 'வேறு வழியில்லை' என்னும் சொல்லுக்குமுன் வழி தேடப்பட்டதா என்று வினவுதற்கு உரிமையுண்டு என்பதே எம் கருத்து.

சீனத்தில் அத்தேடல் எங்ஙனம் நிகழ்ந்தது? பல இடங்களிற் பணியாண்டுகளை 'வாங்கித் தீர்த்தல்' என்னும் முறை கையாளப்பட்டது. ஓராண்டுக்கு இத்துணைப் பணம் என்று கணக்கிட்டு ஒருமுறை கொடுத்துவிட்டால், தொழிற்சாலைக்கும் அவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையாம். மேலே யாம் நினைவிற் கொள்ளுமாறு வேண்டியதை இங்கே பொருத்திப் பார்க்க. குறைந்த கூலியாக அவன் கொடுத்து ஆலைக்குள் வைத்த பொருள் ஒருபுறம். முதுமையளவும் மருத்துவமும் உறையுளும் ஊணும் உண்டு என்ற வாக்கு ஒருபுறம். இரண்டிற்கும் ஈடாக ஒரு சிறு முடிப்பு. விற்பவன் விலைபேசும் நிலையில் இல்லை. வாங்குவோனே விலையையும் வகுத்தான். கடன்பட்டவன் கடன்கொடுத்தவனுக்குக் கொடுக்கும் தொகையைத் தானே வரையறுத்து, அதனை ஈகையென்றும் பெயரிடுவானாயின், நம் ஊர்ப் பஞ்சாயத்தும் அதனை ஏற்காது.

இனி, 'அவரவர் வினை' என்று அமைதி கூறுவாரும் உளர். நம்மவர் வாயில் இது மிக விரைந்து வருகின்றமையின் ஒரு சொல். துன்பம் நுகர்வான் தன் வினைப்பயனையே நுகர்கின்றான் எனக் கொள்ளினும், அத்துன்பத்தைச் செய்தவன் அதனால் வினைநீங்கியவன் ஆகான். அவன் செயல் அவனுக்குப் புதுவினையாகவே ஏறும். கன்மக் கொள்கை செய்தானுக்குக் காப்புரையாக அருளப்பட்டதன்று. பிறன் துன்பத்தைக் கண்டுழி அவன் முன்வினையை எண்ணுவதற்கு நமக்கு இடமில்லை. அவ்விடத்து நாம் யாது செய்யக் கடவேம் என்பதே நமக்குரிய எண்ணம்.

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவாம். நிலையாமையை ஒருவன் தன்னை நோக்கித் தான் கூறிக்கொள்ளலாம். அவ்வாறு கூறிக்கொண்டானை அது பற்றினின்று நெகிழ்க்கும்; கொடுக்கத் தூண்டும். நம் நூல்கள் நிலையாமையைக் கூறிய உடனே, கைப்பொருள் உள்ளபோதே அறஞ்செய்க என்று தொடர்ந்தமை நோக்குக. அஃது உடையானை நோக்கிய உரை. தன்பால் உரிமை உடையானை நோக்கி, கொடுக்கக் கடமைப்பட்டவன் அதனைக் கூறுவானாயின், அவ்வுரை அறத்தைத் தூண்டாமல் அறத்தினின்று தப்புதற்கு வழியாகின்றது. 'பொருள் நிலையாது, ஆதலின் நான் கொடுப்பேன்' என்பவனும், 'பொருள் நிலையாது, ஆதலின் நீ கேளாதே' என்பவனும் ஒரே சொல்லைத்தான் வழங்குகின்றனர். நிலையாமை மெய்யாயின், ஆலையை வாங்கிய புதியவன் ஆதாயத்துக்கும் அது மெய்யாதல் வேண்டும். அவன் ஆதாயத்தை நோக்கி அச்சொல்லைக் கூறினாரை யாம் கேட்டிலம்.

உறுதியை விரும்பியதும் பற்றேயன்றோ, பற்று எவ்வாற்றானும் குற்றமன்றோ எனின், வீடுபேற்றை நோக்கி நிற்பார்க்கு அது குற்றமே. இல்லறத்தான் மனைவி மக்களைக் காத்தற்கு உறுதியான வழியைத் தேடுதல் அவன் கடமையுள் அடங்கும். பேராசையால் மேன்மேல் ஓடினவனைப் பற்றுடையான் என்று பழித்தல் தகும். சிறிது போதும் என்று அமைந்தவனையும் அச்சொல்லாலேயே பழிப்பது யாங்ஙனம்? அமைதல் குற்றமாகி அலைதல் அறமாகும் நூலை யாம் கற்றிலம்.

2002 மார்ச்சில், தாசிங் எண்ணெய்வயலிற் பணியாண்டுகளை விற்றுத் தீர்ந்தவர்கள் பல்லாயிரவராய்த் தெருவிற் கூடினர். அதே திங்களில் லியாவோயாங் நகரத்து இரும்புக்கலவை ஆலையின் தொழிலாளர் பிற ஆலையாரோடு சேர்ந்து ஊர்வலம் வந்தனர். ஆலை முன்னரே திவாலென்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதனை மீண்டும் திறந்து தம்மை என்றென்றும் வைத்துக்கொள்க என்பது அவர் முன்வைத்த முறையீடு அன்று. நின்றுபோன கூலி, ஓய்வூதியத் தொகை, ஆலையின் பொருளைக் கொள்ளைகொண்டார்மேல் விசாரணை இவற்றையே கேட்டனர். அவர்க்குத் தலைமை தாங்கிய இருவர் 2003-இல் ஏழாண்டும் நான்காண்டும் சிறைத்தண்டனை பெற்றனர்.